கூட்டத்தில் இல்லாதவர்கள்

நான் செய்திக்குப் போகும் நீதிமன்ற வராந்தாவில் சாட்சிகளுக்கென்று தனி இடம் கிடையாது. சுவரை ஒட்டி இரண்டு சிமென்ட் பெஞ்சுகள். ஒன்றுக்கு மின்விசிறிக் காற்று வரும், மற்றதற்கு வராது. முதலில் வருகிறவர்கள் காற்று வரும் பெஞ்சில் உட்காருவார்கள். அன்று முதலில் வந்திருந்தவர் எதிரி. குற்றம் சாட்டப்பட்டவரை எங்கள் பக்கத்து நீதிமன்றங்களில் அப்படித்தான் எழுதுவார்கள். அவருடன் அவருடைய அம்மா, தம்பி, வக்கீல் குமாஸ்தா. எதிர்ப் பெஞ்சில் அவர்மீது பாலியல் வன்கொடுமைப் புகார் கொடுத்த பெண், அவருடைய கணவர், கணவரின் அக்கா.

எதிரியின் அம்மா ஒரு பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே போண்டா இருந்தது. எழுந்து வந்து அந்தப் பெண்ணின் முன்னால் நீட்டினார்.

"விடிகாலைல கெளம்பின வயிறு கண்ணு. ஒன்னு எடுத்துக்கோ. கோர்ட்டு வேற, பசி வேற."

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டார். நாத்தனார்தான் பதில் சொன்னார்: "உன் மவனுக்கே குடு பெரிம்மா. உள்ள போனா போண்டா கெடைக்காது."

இரண்டு தரப்பும் ஒரே பேருந்தில் வந்தவர்கள். மலையிலிருந்து நீதிமன்ற நேரத்துக்குள் கள்ளக்குறிச்சி வந்து சேர அந்த ஒரு பேருந்துதான் உண்டு. ஜாமீனில் இருப்பவருக்கும் புகார் கொடுத்தவருக்கும் நீதிமன்றம் ஒரே தேதியைத்தான் கொடுக்கும். வழக்கு நடந்த காலம் முழுவதும் ஒவ்வொரு வாய்தாவுக்கும் அந்தப் பெண் அவருக்கு இரண்டு மூன்று இருக்கை தள்ளி உட்கார்ந்து, அத்தனை கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கி வந்து, அதே வளைவுகளில் திரும்பி ஏறினார். இதைத் தடுக்க வழியில்லையா என்று நீதிமன்ற ஊழியர் ஒருவரிடம் கேட்டேன். "பஸ்ஸுக்கு நாங்க சம்மன் அனுப்ப முடியுமா மேடம்?" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. 

எதிரி மலையில் பக்கத்து ஊர்க்காரர், மேஸ்திரி. கரும்பு வெட்டும் பருவத்தில் மலை ஆட்களைச் சேர்த்துக் கச்சிராயபாளையம் பக்கம் அழைத்துப் போவார். எந்தக் கொல்லை, எந்தக் குடிசை, ஆலைக்கு எந்த வண்டியோடு யார் போவது என்பதெல்லாம் அவர் சொல்வதுதான். அந்தப் பெண்ணும் கணவரும் அவருடைய ஆட்கள். ஒரு மதியம் கணவரைக் கரும்பு டிராக்டரோடு மூங்கில்துறைப்பட்டுக்கு அனுப்பிவிட்டு, மேஸ்திரி குடிசைக்குப் போனார். அங்கே நடந்ததைப் பற்றி இதற்கு மேல் நான் எழுதியதில்லை. இப்போதும் எழுதவில்லை. மறுநாளே கணவனும் மனைவியும் வெட்டை விட்டுவிட்டு மலைக்குத் திரும்பினார்கள்.

அவர்கள் ஊரில் எந்தத் தப்பும் முதலில் ஊர்க்கூட்டத்துக்குத்தான் போகும். இரண்டு ஊருக்கும் கூட்டம் ஒன்றே. வீட்டுக்கு ஓர் ஆண் வந்து கோயில் முன்னால் வட்டமாகத் தரையில் உட்காருவார். பெண்கள் வட்டத்துக்கு வெளியே கோயில் சுவரோரம் நிற்கலாம், பேசக்கூடாது. தனக்கு நேர்ந்ததை அந்தப் பெண் கணவரிடம் சொல்லி, கணவர்தான் கூட்டத்தில் சொன்னார். மேஸ்திரி முதலில் மறுத்தார். ஊர்க்கவுண்டர் அவரைச் சாமி வாசலைப் பார்த்து நிற்கச் சொன்னதும் பேச்சு நின்றது. நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். ஊர்க்கவுண்டர் ஒரு கை மண்ணை எடுத்து அவர் முதுகில் போட்டு, கையாலேயே தட்டிவிட்டார். வட்டத்தில் இருந்தவர்கள் எல்லாரும் "முடிஞ்சது" என்றார்கள்.

இதை 'மண் தட்டுவது' என்கிறார்கள். மலையில் எல்லா ஊரிலும் இப்படித்தானா என்று எனக்குத் தெரியாது. அந்த ஊரில் இப்படி. மண் தட்டியபிறகு கூட்டத்தில் இருந்த எவரும் அந்தச் சங்கதியை மறுபடி வாயில் எடுக்கக்கூடாது. எடுத்தால் அந்த வீட்டுச் சாவுக்குப் பாடை தூக்க ஆள் வராது.

ஒரு வாரம் போயிற்று. மேஸ்திரி அவர்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். அடுத்த கொல்லை வெட்டுக்குத் தயாராக இருக்கிறது, புருஷனும் பெண்டாட்டியும் வந்துவிடுங்கள் என்றார். வழக்கமாக அழைப்பதுபோலவே அழைத்தார். கணவர் ஒன்றும் பேசாமல் நின்றார். அவரும் "முடிஞ்சது" சொன்னவர்தான்.

"அவன் விழுந்தப்ப எனக்குக் கொஞ்சம் ஆறுதலாத்தான் இருந்துச்சுக்கா" என்று அந்தப் பெண் பின்னால் என்னிடம் சொன்னார். "ஊரே பாத்துச்சு, இனி யாரும் நான் பொய் சொன்னேன்னு சொல்ல முடியாதுன்னு நெனச்சேன். அதே வாசல்ல வந்து வேலைக்குக் கூப்புட்டான் பாரு, அப்பதான் தெரிஞ்சுது. முடிஞ்சதுன்னு சொன்னது அவனுக்கு. எனக்கில்ல."

மறுநாள் அவர் மகளிர் காவல் நிலையத்துக்கு இறங்கி வந்தார். சம்பவம் நடந்து அன்றோடு பன்னிரண்டு நாள்.

புகாரை எழுதியவர் அனுபவமுள்ள ஒரு தலைமைக் காவலர். எல்லாரும் ஏட்டம்மா என்பார்கள். அந்தப் பெண் முதலில் சொன்னதே கூட்டத்தைப் பற்றித்தான். அவன் விழுந்தான், நாற்பது பேர் பார்த்தார்கள், இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்பது அவருடைய எண்ணம். ஏட்டம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "தோ பாரும்மா, கூட்டம் கீட்டம்னு ஒரு வார்த்தை வரக்கூடாது. ஊர்ல பேசி முடிச்சுட்டாங்க, இப்ப வேற எதுக்கோ கேஸ் குடுக்குறான்னு எதிர்வக்கீல் அடிச்சுத் தள்ளிடுவான். நடந்தத மட்டும் சொல்லு. மாஜிஸ்திரேட் கேட்டாலும் அதான்" என்றார்.

அந்தப் பெண் அப்படியே செய்தார். மாஜிஸ்திரேட்டிடம் கொடுத்த வாக்குமூலத்திலும் கூட்டம் இல்லை. அரசு மருத்துவமனையில் பரிசோதித்த டாக்டர், நாள் கடந்துவிட்டதால் தடயம் எதுவும் இல்லை என்று எழுதினார். ஆக, வழக்கில் மிஞ்சியது அவருடைய சொல் ஒன்றுதான்.

ஏட்டம்மாவை எனக்கு நெடுநாளாகத் தெரியும். கெட்ட எண்ணத்தில் செய்தவர் இல்லை. ஊர்ப் பேச்சு கோப்புக்குள் வந்ததால் கலைந்துபோன வழக்குகளை அவர் நிறையவே பார்த்திருக்கிறார். புகார் கொடுத்த அன்று அந்தப் பெண்ணுக்குத் தன் டிபன் பாக்ஸிலிருந்து எலுமிச்சை சாதம் கொடுத்தவரும் அவர்தான். சாட்சியங்கள் ஆரம்பிக்க வேண்டிய வாரம் கருணாபுரத்தில் கள்ளச்சாராயச் சாவுகள். மாவட்டத்தில் இருந்த போலீஸ் எல்லாம் அங்கே. ஏட்டம்மாவும் பந்தோபஸ்துக்குப் போனார். வழக்கு வாய்தா ஆனது. பிறகு நீதிபதி விடுப்பு. பிறகு எதிரியின் வக்கீலுக்கு உடம்பு சரியில்லை. ஒவ்வொரு முறையும் பகலில் யாராவது வந்து, "இன்னிக்கு இல்லம்மா, போய்ட்டு வா" என்பார்கள். அவர்கள் மலைக்குத் திரும்பும் பேருந்துக்காக மாலை வரை காத்திருப்பார்கள். மேஸ்திரியின் குடும்பமும் காத்திருக்கும்.

ஒருவழியாக அவர் கூண்டேறிய நாளில் விசாரணை மூடிய அறையில் நடந்தது. பத்திரிகைக்காரர்களுக்கு அனுமதியில்லை. அது சரிதான். நான் வராந்தாவில் இருந்தேன். உள்ளே நடந்ததை அந்தப் பெண்ணும், பிறகு அரசு வக்கீலம்மாவும் சொல்லித்தான் அறிவேன்.

முதல் விசாரணையில் அவர் தடுமாறவில்லை. குறுக்கு விசாரணையில் எதிரியின் வக்கீல் குரலை உயர்த்தவே இல்லையாம். பன்னிரண்டு நாள் ஏன் போலீசுக்குப் போகவில்லை என்று மட்டும் கேட்டார். அந்தப் பெண் சத்தியம் செய்துவிட்டு நிற்கிறார். ஏட்டம்மா சொல்லிக்கொடுத்தது ஞாபகத்தில் இருந்தது. ஆனாலும் கேட்ட கேள்விக்கு வேறு பதில் அவரிடம் இல்லை. கூட்டம், விழுந்தது, மண் தட்டியது எல்லாவற்றையும் சொன்னார்.

வக்கீல் அதற்காகவே காத்திருந்தவர்போல அடுத்தடுத்துக் கேட்டார். இதைப் போலீசிடம் சொன்னீர்களா? சொன்னேன். புகாரில் இருக்கிறதா? இல்லை. மாஜிஸ்திரேட்டிடம் சொன்னீர்களா? இல்லை. அப்படியானால் தாமதத்தை மறைக்க இன்று புதிதாகக் கூட்டிச் சொல்கிறீர்கள்.

அவர் வெளியே வந்தார். பெஞ்சில் உட்காரவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கூடுதலா சொல்றேனாம்க்கா" என்றார். "நான் கொறச்சுதான் சொல்லிக்கினு இருந்தேன் இத்தினி நாளும். கொறைக்கச் சொன்னாங்க, கொறச்சேன். இப்ப கூட்டிட்டேன்றாங்க."

அரசு வக்கீல் கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு பின்னால் வந்தார். மேஸ்திரி கூட்டத்தில் விழுந்ததைப் பார்த்த ஓர் ஆளாவது வந்து சொன்னால் தாமதத்துக்குக் காரணம் கிடைத்துவிடும், கூடுதல் சாட்சியாக விசாரிக்க மனு போடலாம் என்றார். யாரும் வராவிட்டால் இந்தப் பெண் பொய் சேர்த்தார் என்றே பதிவாகும், மீதிச் சொல்லும் அதோடு போகும். சொல்லிவிட்டு அடுத்த வழக்குக்கு ஓடினார்.

நீதிமன்ற வாசலில் உள்ள டீக்கடைக்குப் போனோம். கணவர் டீயை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். ஊர்க்கவுண்டரைக் கேட்க முடியாதா என்றேன். "கேக்கலாம்ங்க. வரமாட்டாரு" என்றார். நீங்கள் என்று நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்: "நானும் முடிஞ்சதுன்னு சொல்லிட்டங்க. எங்கம்மா படுக்கையா கெடக்குது. அதுக்கு ஒன்னுன்னா தூக்க ஆள் வேணும்."

நாத்தனார் ஒரு வர்க்கியை டீயில் நனைத்துக்கொண்டிருந்தார். ஐம்பதைத் தாண்டியவர், அதே ஊரில் வாழ்க்கைப்பட்டவர். எல்லா வாய்தாவுக்கும் துணைக்கு வந்தவர் அவர்தான். அதுவரை அவரை வழித்துணை என்றே நாங்கள் எல்லாரும் நினைத்திருந்தோம்.

"தம்பி, அன்னிக்குக் கூட்டத்துல எத்தினி பேரு?"

"வூட்டுக்கு ஒருத்தரு. நாப்பது இருக்கும்."

"அதுல நான் உண்டா?"

"நீ எப்படி? பொம்பளைங்க கணக்குல இல்லியே."

"உம் பொண்டாட்டி?"

"அவளும் இல்ல."

"மண்ணு தட்டும்போது முடிஞ்சதுன்னு சொன்னது யாரு?"

"உக்காந்துக்கினு இருந்தவங்க."

"நான் சொன்னனா?"

"உன்னைய யாரு சொல்ல வுட்டாங்க?"

"அதான் நானும் கேக்குறேன். நான் சொல்லல. சொல்லாதவளுக்கு இன்னா கட்டு?"

கணவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "அக்கா, நீ சட்டம் பேசாத."

"அந்தக் கறுப்புக் கோட்டு பேசுது, நான் பேசக்கூடாதா? அவருக்குக் கோட்டுல வேர்க்குது, எனக்கு வெறுமனே வேர்க்குது. அவ்ளோதான்டா வித்தியாசம்." பிறகு தம்பி மனைவியின் பக்கம் திரும்பினார். "ஏம்மே, செவுத்தோரம் உம் பக்கத்துல யாரு நின்னுக்கினு இருந்தது?"

"நீதாண்ணி."

"எங் கையப் புடிச்சிக்கினு இருந்தியே, ஞாபகம் இருக்குதா?"

"இருக்குது. உன் வளையல் ஒன்னு ஒடஞ்சுது."

"அப்ப நான் பாத்தேன். அந்த வக்கீலம்மாகிட்ட சொல்லு, நான் வரேன்."

மேஸ்திரியின் தம்பி பக்கத்து மேசையில் இருந்தார். எல்லாம் காதில் விழுந்திருக்கும். "இன்னாக்கா, அடுத்த கூட்டத்துல நீதான் ஊர்க்கவுண்டரா?" என்றார்.

"நான் ஆனா உங்கண்ணனுக்கு ஒரு கை மண்ணு பத்தாதுடா. கூடை வாங்கி வை."

கடைக்காரர் சிரித்துவிட்டார். அந்தப் பெண்ணும் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மனு ஏற்கப்பட்டது. ஆனால் நாத்தனாரை விசாரிப்பதற்கு முன்னால் ஏட்டம்மா கூண்டேறினார். கூட்டம் பற்றி இந்தப் பெண் உங்களிடம் சொன்னாரா என்று எதிரியின் வக்கீல் கேட்டார். "சொல்லவில்லை" என்றார் ஏட்டம்மா. வெளியே வந்தபோது என்னைப் பார்த்துவிட்டு அவராகவே நின்றார்.

"எழுதலன்னா சொல்லலன்னுதான் அர்த்தம், ரிப்போர்ட்டர். அவ சொன்னா, நான்தான் எழுதலன்னு கோர்ட்டுல சொன்னா எனக்கு மெமோ. ரிட்டயர்மென்ட்டுக்கு எத்தன நாள் இருக்குது தெரியுமா எனக்கு?"

 அவர் எதிர்ப் பெஞ்சில் இருந்த அந்தப் பெண்ணின் பக்கம் பார்க்காமல் படியிறங்கினார். வழக்கைக் காப்பாற்ற ஒரு வரியை விட்டவர், தன்னைக் காப்பாற்ற இன்னொரு வரியையும் விட்டார். இரண்டையும் அந்தப் பெண்தான் சுமக்க வேண்டியிருந்தது.

நாத்தனாரின் குறுக்கு விசாரணையை அரசு வக்கீல் எனக்கு ஏறக்குறைய முழுதாகச் சொன்னார். சொல்லும்போது அவருக்கே உற்சாகம் தாங்கவில்லை. எதிரியின் வக்கீல், கூட்டத்தில் நீங்கள் உறுப்பினரா என்று கேட்டிருக்கிறார். இல்லீங்க. பேசும் உரிமை உண்டா? இல்லீங்க. பிறகு அங்கே நடந்தது எப்படித் தெரியும்?

"பேசத்தாங்க வுடமாட்டாங்க. கண்ணைக் கட்டமாட்டாங்க."

கூலித் தகராறில் மன்னிப்புக் கேட்டு விழுந்திருக்கலாம் என்று வக்கீல் அடுத்த வழியில் போனார். அதற்கு நாத்தனார், கூலித் தகராறுக்குத் தங்கள் ஊரில் யாரும் விழுவதில்லை, அதற்கு உட்கார்ந்து சத்தம் போடுவார்கள், பொம்பளை விஷயத்துக்கும் சாமி சொத்துக்கும்தான் விழுவார்கள் என்றார். மேஸ்திரி சாமி சொத்து எதையும் தொடவில்லை என்றும் சேர்த்துக்கொண்டார். நீதிபதி தட்டச்சு செய்பவரிடம் அதையும் பதிவு செய்யச் சொன்னாராம்.

தீர்ப்பு வர இன்னும் சில மாதம் ஆயிற்று. மேஸ்திரிக்குப் பத்து ஆண்டுச் சிறை. நான் அனுப்பிய செய்தி உள்பக்கத்தில் ஒற்றைப் பத்தியில் வந்தது. மேல்முறையீடு செய்திருக்கிறார்கள். அது இன்னும் நிலுவையில் இருக்கிறது.

தீர்ப்பு நகல் வாங்க அவர்கள் மூவரும் வந்த அன்று நானும் இருந்தேன். அந்தப் பெண் மலையில் விடுதிப் பள்ளியில் எட்டாவது வரை படித்தவர். நகலை வாங்கியதும் தண்டனை எழுதியிருக்கும் கடைசிப் பக்கத்தை அவர் புரட்டவில்லை. நடுவில் தேடினார். கிடைக்காமல் என்னிடம் கொடுத்தார்.

"நான் கூடுதலா சொன்னேன்னு போட்டிருக்காங்களா, இல்லியான்னு பாருங்கக்கா."

தேடி எடுத்துக் காட்டினேன். முதல் சாட்சியின் சாட்சியம் இயல்பாகவும் நம்பத்தகுந்ததாகவும் உள்ளது, தாமதத்துக்கு அவர் கூறும் காரணம் ஏழாம் சாட்சியால் உறுதிப்படுகிறது, அதைப் பின்னால் சேர்த்துக் கூறியதாகக் கருத இயலாது என்று இருந்தது. ஏழாம் சாட்சி நாத்தனார். அந்தப் பெண் விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாகப் படித்தார்.

"மொத சாட்சின்னா?"

"நீங்கதான்."

"எம் பேரு?"

இந்த மாதிரி வழக்குகளில் பெண்ணின் பெயரைத் தீர்ப்பில் போடமாட்டார்கள், யாருக்கும் தெரியக்கூடாது என்பதற்காகச் சட்டம் செய்திருக்கும் ஏற்பாடு அது என்றேன். 

"தெரியாதவங்க யாருக்கா இருக்காங்க எங்க ஊர்ல? ஆனது எல்லாருக்கும் தெரியும். நான் சொன்னது நெசம்னு எழுதின எடத்துலதான் எம் பேரு இல்ல."

 அந்தச் சட்டம் தேவை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அன்றும் அப்படித்தான் நினைத்தேன்.

"இத கூட்டத்துல படிக்கணும்" என்றார் அவர்.

கணவர் பதறிப்போனார். "மண்ணு தட்டின விஷயம். அதுவும் நீ எப்படிக் கூட்டத்துல..."

"கூட்டத்த இன்னாத்துக்குத் தேடிக்கினு?" என்றார் நாத்தனார். நகலை வாங்கி மடித்துத் தன் பையில் வைத்தார்.

இரண்டு வாரம் கழித்து நாத்தனார் எனக்கு போன் செய்தார். சிக்னல் விட்டுவிட்டு வந்தது. நூறு நாள் வேலையில் இரண்டு ஊர்ப் பெண்களும் ஒரே ஏரிக்கரையில் மண் வெட்டுவார்கள். சாப்பாட்டு நேரத்தில் வேப்பமரத்தடியில் உட்கார வைத்து அங்கேயே தம்பி மனைவியைப் படிக்கச் சொல்லியிருக்கிறார்.

"அந்த ஒரு பக்கத்த மூணு வாட்டி படிக்கச் சொன்னாளுங்கம்மா. மத்தியானத்துக்கு மேல ஒருத்தியும் மம்முட்டியத் தொடல. மேற்பார்வை பாக்குறவன் கத்திக்கினே கெடந்தான்."

மேஸ்திரியின் அம்மாவும் அங்கே இருந்தாரா என்று கேட்டேன்.

"இருந்துச்சு. முந்தானையால மொவத்த மூடிக்கினு, எழுந்து போவாம உக்காந்துதான் இருந்துச்சு. பாவம், அது இன்னா பண்ணும்."

முதல் சாட்சி யாரென்று யாராவது கேட்டார்களா என்றேன்.

"கேக்கறதுக்கு முன்னயே இவ சொல்லிட்டாம்மா. ஒவ்வொரு வாட்டியும் அந்த எடம் வந்தா, மொத சாட்சின்னு படிக்காம, எம் பேரச் சொல்லித்தான் படிப்பேன்னு அவ பேரச் சொல்லியே படிச்சா."